நஞ்சராயன் குளத்துக் கூழைக்கடா
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிதையைப் பற்றிப் பேச இந்த அவையில் பலர் உள்ளனர். பனியன் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டு, விடுமுறை நாட்களில் கேமராவும் கையுமாகக் குளக்கரையில் நிற்கிற என்னைப் பறவைகளைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். பல பறவைகளைச் சொல்லி உங்களைக் களைப்படையச் செய்யாமல், ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெலிகன் என்று ஆங்கிலத்தில் வழங்கும் கூழைக்கடா.

கடலோரப் பறவைக்கும் திருப்பூருக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் காணக் கிடைப்பதுதான். எனினும் கூழைக்கடாவுக்குக் கடல் ஒரு கட்டாயமன்று. ஆழங்குறைந்த நீர், மீன், கூடு கட்ட மரம் ஆகியவை இருந்தால் போதும். நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்தில் வீட்டை ஒட்டிய மரங்களிலேயே அது குஞ்சு பொரிக்கிறது. நம் ஊத்துக்குளிச் சாலைப் பக்கம், சர்க்கார் பெரியபாளையத்தை அடுத்த நஞ்சராயன் குளத்திலும் வந்து இறங்குகிறது. சுமார் 125 ஹெக்டேர் பரப்புள்ள இக்குளம் 2022-இல் தமிழகத்தின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாயிற்று. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஏறத்தாழ 190 வகைப் பறவைகள் இங்குப் பதிவாகியுள்ளன. இவ்வளவும் தறியோசையும் லாரி ஓசையும் கேட்கிற தொலைவில்!

பறவை சாம்பல் கலந்த வெண்மை. பிடரியில் சிறு கொண்டை. மேல் அலகின் ஓரத்தில் மை தெறித்தாற்போல் புள்ளிகள். சிறகை விரித்தால் எட்டடி இருக்கும். அமெரிக்கக் கரைகளின் பழுப்புக் கூழைக்கடாவைப்போல் இது வானிலிருந்து நீரில் பாய்வதில்லை. மிதந்தபடியே அலகை முக்கி, கீழலகின் பையால் மீனை அரித்தெடுக்கிறது. சில வேளைகளில் பல பறவைகள் வரிசை கட்டி நின்று மீனை ஆழமற்ற பக்கம் விரட்டுகின்றன. அந்தப் பை மீனைச் சேர்த்து வைக்கும் பத்தாயம் என்று பலர் எண்ணுகின்றனர். அது பத்தாயமன்று, வலை. நம் பின்னல் துணிபோல இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். உள்ளே புகுந்த நீரை வடித்த பின்பே மீனை விழுங்க முடியும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் நான் மணிக்கணக்கில் காத்திருப்பது.

இங்கே கவிஞர்களிடம் ஒரு சொல். இடைக்கால ஐரோப்பாவில், பெலிகன் தன் மார்பைத் தானே கிழித்து இரத்தத்தால் குஞ்சுகளைக் காக்கும் என்று நம்பினர். அது தியாகத்தின் உருவமாகித் தேவாலயச் சிற்பங்களில் ஏறியது. உண்மையில் எந்த பெலிகனும் அவ்வாறு செய்வதில்லை. குஞ்சு தாயின் தொண்டைக்குள் தலையை நுழைத்து இரையை உண்ணும். தாய் அலகை மார்பில் அழுத்தி நிற்கும். தொலைவில் இதைக் கண்டவர்கள் பிழைபடக் கொண்டனர் என்பது ஒரு விளக்கம். உவமை அழகுதான், மறுக்கவில்லை. ஆயினும், குஞ்சு தாயின் தொண்டைக்குள் பாதி மறைந்துபோகும் உண்மைக் காட்சி அதனினும் விந்தையானது என்பேன். அதைப் பாட எவரும் வரவில்லை. நம் புதுக்கவிதைகளிலும் 'ஏதோ ஒரு பறவை' மிகுதியாகப் பறக்கிறது. அதற்குப் பெயருமில்லை, மரமுமில்லை.

பெயர் என்றதும் நினைவு வருகிறது. யாப்புப் பயின்றவர்கள் கூழை மோனையை அறிவீர்கள். நாற்சீர் அடியில் முதல் மூன்று சீரில் மோனை அமைந்து கடைச்சீரில் குறைவது. பறவைக்கோ வால் குட்டை. இரண்டிலும் 'கடை குறைந்தது' என்ற பொருளே உறைவதாக எனக்குத் தோன்றுகிறது. புலவர்கள் திருத்தினால் ஏற்பேன்.

எழுத்தும் படமும் ஒருவரிடமே கூடியிருந்ததற்கு மா. கிருஷ்ணன் சான்று. 'பத்மாவதி சரித்திரம்' தந்த அ. மாதவையாவின் மகன், 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர். பாகங்களைத் தாமே இணைத்து அமைத்த கேமராவில் கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்தளித்த சு. தியடோர் பாஸ்கரன் நம் தாராபுரத்தில் பிறந்தவர். வட்டத்தின் நூலகத்தில் அந்நூல் இருக்க வேண்டும்.

படமெடுக்க விரும்பும் இளைஞர்களுக்கு: கரிய நீரின்மேல் வெண்பறவை இருந்தால் கேமராவின் ஒளியளவியை அப்படியே நம்பாதீர்கள், இறகின் நுண்மை வெளுத்துப்போகும். சற்றே ஒளியைக் குறையுங்கள். கதிரவன் உங்கள் முதுகுக்குப் பின் இருக்கட்டும். கூட்டின் அருகே மட்டும் செல்லாதீர்கள். தாய் எழுந்து பறந்தால் காகம் முட்டையைக் கொண்டுபோகும். அப்படிக் கிடைக்கும் படம் எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

பர்மாவில் சிட்டாங் ஆற்றுச் சமவெளியில், கண்ணுக்கெட்டிய வரை மரங்களில் இப்பறவையின் கூடுகள் இருந்ததை 1877-இல் ஓட்ஸ் என்னும் ஆங்கிலேயர் கண்டு எழுதினார். சில பத்தாண்டுகளில் அக்குடியிருப்பு முழுதும் மறைந்தது. எண்ணிக்கை மிகுதி எதற்கும் காப்பாகாது. நமக்கு நொய்யல் வேறு இருக்கிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது வேலையிழந்தவர்கள் என் தெருவிலும் இருந்தனர். ஆற்றைச் சாயமாக்கியதும் அதே தொழில்தான். என் வீட்டு அடுப்பெரிவதும் அதனால்தான். ஆகவே ஆலைக்காரரை மட்டும் ஏசிவிட்டு அமர எனக்கு நா எழவில்லை. ஆனால் நஞ்சராயன் குளத்துக்கு நீர் தருவது நல்லாறு. அது மழைநீரை மட்டும் சுமந்து வருவதில்லை. சரணாலயப் பலகையும் ராம்சார் சான்றும் கரையில் நிற்கின்றன. கூழைக்கடா உண்பது நீருக்குள் இருக்கும் மீனை. வழியில் எந்தெந்த ஓடை நல்லாற்றில் விழுகிறது என்று கரையோடு நடந்து பார்க்க, வட்டத்து அன்பர்கள் சிலரேனும் முன்வந்தால் நானும் உடன் வருவேன்.

அதற்கு முன், வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் குளக்கரைக்கு வாருங்கள். என்னிடம் தொலைநோக்கிகள் இரண்டு உள்ளன. ஒன்பது மணிக்குமேல் வெயில் ஏறி, பறவை வட்டமிட்டு உயரச் சென்றுவிடும். கவிதை வாசிப்பு இருந்தால் அதற்குப் பின் வைத்துக்கொள்வோம்.