அடிபம்பின் கதை
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

டிசைன் என்றதும் காரும் நாற்காலியும்தான் நினைவுக்கு வரும். நான் பேசப்போவது, ரயிலில் போகையில் கிராமத்துக்குக் கிராமம் கண்ணில் படும் அடிபம்பைப் பற்றி.

1974-இல் மகாராஷ்டிரத்தில் உத்தியோகத்தில் சேர்ந்த புதிது. வறட்சிக்காக நிறைய போர்வெல் போட்டிருந்தார்கள். எத்தனை பம்பு நிறுவினோம் என்று கணக்கு அனுப்புவது என் வேலை. எத்தனை வேலை செய்கின்றன என்று படிவத்தில் கட்டம் கிடையாது, நானும் கேட்டதில்லை. ஒரு கிராமத்தில் ஒரு பாட்டி என்னை அழைத்துப் போய் உடைந்த கைப்பிடியைக் காட்டினாள். ஒன்றும் பேசவில்லை.

அந்த வார்ப்பிரும்புப் பம்புகள், மேல்நாட்டில் ஒரே குடும்பம் பயன்படுத்தியவற்றின் மாதிரி. இங்கே ஊரே நாள் முழுதும் அடித்தது. தாங்குமா?

சோலாப்பூரில் உருவான பம்பை அடிப்படையாக வைத்து, யுனிசெஃப் துணையுடன், சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியதுதான் 'இந்தியா மார்க் 2'. 1970-களின் பிற்பகுதியில் கோவைப் பக்கம் சோதித்தார்கள். கைப்பிடி பால் பேரிங்கில் அசையும். அதன் முனையில் வளைவான தகடு. அதன்மேல் படிந்த சங்கிலி உள்ளே இருக்கும் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்காமல் நேராகத் தூக்கும். கம்பியின் பாரத்தைக் கனத்த கைப்பிடியே ஈடுகட்டும். பி.எஸ்ஸி.யில் நான் உருப்போட்ட நெம்புகோல் பாடம்தான்!

காப்புரிமை வாங்கவில்லை, எந்தப் பட்டறையும் செய்யலாம். ஆப்பிரிக்கா வரை போயிற்று. பழுது பார்க்கக் குழாய் முழுவதையும் வெளியே எடுக்கவேண்டும் என்பது ஒரு குறை. 'மார்க் 3' அதைத் தீர்த்தது.

பாட்டியின் கிராமத்துக்கு 1980-இல்தான் புதுப் பம்பு வந்தது. 'நிறுவப்பட்டது' என்று இரண்டாம் முறையாக எழுதி, பக்கத்தில் பென்சிலால் 'ஓடுகிறது' என்றும் எழுதினேன்.