மாத்திரை விற்ற காசில் அச்சான இசைக்கடல்

(ஆதம்பாக்கத்தில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



குடும்பத் தொழில் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஊறுகாய், அப்பளம் பற்றி நிறையப் பேசியாச்சு. அதனால் இன்றைக்கு நாங்கள் கொண்டு வந்திருப்பது வேறு மாதிரியான ஒரு குடும்பத் தொழில். தஞ்சாவூரில் ஒரு குடும்பம் மருந்து விற்று, அந்த வருமானத்தில் இசைப் புத்தகம் போட்ட கதை.

அந்தக் குடும்பத்தின் தலைவர் ஆபிரகாம் பண்டிதர். 1859-ல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். திண்டுக்கல்லில் படித்து ஆசிரியரானார். சித்த மருத்துவமும் கற்றுக்கொண்டார். மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் ஆசிரியை. தஞ்சாவூரில் ஒரே பெண்கள் பள்ளியில் இருவரும் வேலை பார்த்தார்கள். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக மருந்து செய்யும் தொழிலில் இறங்கினார்கள். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு சொந்தத் தொழிலுக்கு வருவது எவ்வளவு பெரிய முடிவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தொழிலின் பெயர் கருணாநிதி வைத்தியசாலை. மருந்து வெளிநாடு வரைக்கும் போனது. ஊருக்கு வெளியே நிலம் வாங்கித் தோட்டமும் போட்டார்கள். கையில் நாலு காசு சேர்ந்த பிறகு பண்டிதர் தன் நெடுநாள் ஆசையான இசைக்கு வந்தார். 1907-ல் ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ என்ற இசைப் பாடப் புத்தகத்தை வெளியிட்டார். இசை கற்பவர்கள் தமிழ்ப் பாட்டிலேயே கற்கலாம் என்று காட்டிய புத்தகம் அது. 1912-ல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் தொடங்கி, சொந்தச் செலவில் வித்வான்களை அழைத்து மாநாடுகள் நடத்தினார்.

1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். ச முதல் மேல் ச வரை இருக்கிற ஒலியை 22 சுருதியாகப் பிரிப்பது வழக்கம். தமிழ் நூல்களின் கணக்குப்படி அது 24 என்பது பண்டிதரின் வாதம். எல்லோரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் இன்றைக்கும் தமிழிசை ஆராய்ச்சி செய்பவர்கள் அந்தப் புத்தகத்தைத் தொடாமல் போக முடியாது. இவ்வளவு பெரிய புத்தகத்தை வேறு யாரும் போட்டுத் தரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. லாலி மின்சார அச்சுக்கூடம் என்று சொந்தமாகவே அச்சகம் வைத்து அச்சிட்டார்.

இதில் பெண்கள் எங்கே என்று கேட்பீர்கள். 1916-ல் பரோடாவில் அகில இந்திய சங்கீத மாநாடு நடந்தது. பண்டிதர் தன் கணக்கை வாயால் சொன்னால் மட்டும் போதுமா? அவர் வீட்டுப் பெண்கள் மரகதவல்லியும் கனகவல்லியும்தான் பெரிய பெரிய வித்வான்கள் நிறைந்த சபையில் அதைப் பாடிக் காட்டினார்கள். நூறு வருசத்துக்கு முன்னே, வீட்டுப் பெண்கள் சபை ஏறுவதே பெரிய விஷயமாக இருந்த காலம்!

1919-ல் பண்டிதர் காலமானார். இரண்டாம் பாகம் இன்னும் வெளிவரவில்லை. பெரியவர் போனதும் அவர் எழுதியது பரணில் கிடந்து செல்லரித்துப் போவதை எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம்! இங்கே அப்படி நடக்கவில்லை. 27 வருடம் கழித்து, 1946-ல், அந்த இரண்டாம் பாகத்தை வெளியிட்டவர் மகள் மரகதவல்லி. மகன் வரகுணபாண்டியன் யாழ் பற்றிய ‘பாணர் கைவழி’ என்ற நூலை 1950-ல் தந்தார்.

சகோதரிகளே, ஒன்றை நினைத்துப் பாருங்கள். மகளுக்கு இசையும் தெரிந்திருந்தது, அப்பாவின் வேலை என்ன என்பதும் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்த எழுத்து பிழைத்தது. அப்பா அவரைப் பாட மட்டும் வைத்துவிட்டு, மற்றதெல்லாம் ஆம்பளைங்க விஷயம் என்று ஒதுக்கியிருந்தால் இரண்டாம் பாகத்தின் கதி என்ன?

நம் குழுக்களில் கடன் நம் பெயரில். தவணை கட்டுவது நாம். மாவு அரைப்பது, பாக்கெட் போடுவது நாம். ஆனால் கடைப் பலகையில், உரிமத்தில், வங்கிக் கணக்கில் யார் பெயர்? “அவர் பார்த்துக்குவாரு” என்று சொல்லிவிட்டு இருக்கிறோம். நாளைக்கு அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் யாருக்கு எவ்வளவு பாக்கி, சரக்கு எங்கே வாங்கினோம் என்றுகூட நமக்குத் தெரியாது. தவணை மட்டும் நம் தலையில் நிற்கும்.

அதனால் இந்த மாதக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைப் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒன்று, கடன் வாங்கிச் செய்யும் தொழிலின் உரிமத்திலும் கணக்கிலும் உறுப்பினர் பெயர் இருக்கிறதா? இரண்டு, கைப்பக்குவம், அளவு, வரவு செலவு எல்லாம் நோட்டில் இருக்கிறதா, மனசில் மட்டுமா? மூன்று, நமக்குப் பிறகு இதை எடுத்து நடத்த வீட்டில் யாருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? மகனுக்குச் சொல்லும்போது மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

மரகதவல்லியின் பெயர் புத்தகத்தில் இருப்பதால்தான் இன்றைக்கு நாம் அவரைப் பற்றிப் பேச முடிகிறது. உங்கள் உழைப்புக்கும் உங்கள் பெயர் எழுத்தில் இருக்கட்டும்.