காயலை வயலாக்கியவர்கள்



கும்பளங்கி என்றதும் சீனவலையும் கரிமீனும் 2019இல் வந்த ‘கும்பளங்கி நைட்ஸ்’ படமும் நினைவுக்கு வரும். அந்தத் தீவின் உப்புச் சேற்றில் நெல் விளைவித்த புலயர் மக்களைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

சங்கப் பாடல்களில் துடி கொட்டும் புலையர் வருகிறார்கள். அவர்களின் நேர் வழியினர் இவர்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சேரநாட்டுத் தாழ்நிலத்தின் ஆதிக்குடி இவர்களே என்பதில் எனக்கு ஐயமில்லை. கடலும் ஆறும் மாறி மாறி ஏறும் சதுப்பில் வரப்பு கட்டியவை இவர்களின் கைகள்.

அந்தச் சதுப்பில் விளையும் உப்புத் தாங்கும் நெல்லான பொக்காளியின் சாகுபடியைப் பாருங்கள். விஷு கழிந்ததும் மதகு வழியே உப்புநீரை வடித்து, வயலெங்கும் சிறு மண்மேடுகள் கூட்டுவார்கள். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை மேட்டின் உப்பைக் கழுவிய பிறகே முளைகட்டிய விதையை அதன் தலையில் தூவுவார்கள். நாற்று தேறியதும் மேட்டை வெட்டிப் பரப்புவார்கள். ஐப்பசியில் பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று கதிரை மட்டும் அரிவார்கள். தாள் தண்ணீரிலேயே அழுகி இறாலுக்கு இரையாகும். இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு எரு. வேறு உரமும் இல்லை, பூச்சிமருந்தும் இல்லை. 2008இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த நெல்லுக்குப் பின்னால் இருப்பது எழுத்தில் ஏறாத பேரறிவு.

அந்த அறிவுக்கு உரியவர்களை மண்ணோடு சேர்த்து விற்றார்கள். கொச்சி அரசு 1854இல் அடிமை முறையை ஒழித்த பிறகும் இந்தப் புலயர் மக்கள் கூடிப் பேச ஒரு முழம் தரை கிடைக்கவில்லை. 1913இல் சீர்திருத்தக்காரர் பண்டிட் கருப்பனும் புலயர் தலைவர் கிருஷ்ணாதி ஆசானும் முன்னிற்க, வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, எர்ணாகுளம் காயலின் மேலேயே மாநாடு நடத்தினார்கள். அந்த எழுச்சிக்கு நடுவே முளவுகாட்டில் வளர்ந்த தாட்சாயணி வேலாயுதன் பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தார்; அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது சென்னை மாகாணம் என்பதில் தமிழர்களான நமக்கும் பெருமை உண்டு.

1970இல் நடைமுறைக்கு வந்த கேரள நிலச் சீர்திருத்தம் குத்தகைதாரரை உடைமையாளராக்கியது. ஆனால் பிறர் நிலத்தில் குடிசை போட்டு, வயலில் நின்று உழைத்த குடிகிடப்புக்காரருக்கு ஊராட்சிப் பகுதியில் கிடைத்தது, மிஞ்சிப்போனால் பத்து சென்ட் மனை. இதை அநீதி என்றே சொல்வேன். இன்று நெல்லைக் கைவிட்டு ஆண்டு முழுவதும் இறால் வளர்ப்பதில்தான் பலருக்கு நாட்டம். அறுவடைக்கு இறங்கத் தெரிந்த பெண்கள் முதுமையடைந்துவிட்டார்கள்.

இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: இந்த மட்டாஞ்சேரியிலிருந்து கும்பளங்கி தூரமில்லை. அந்தத் தாய்மார்களிடம் உட்கார்ந்து, மேடு கூட்டுவது முதல் கதிர் அரிவது வரை கேட்டு எழுதி வையுங்கள். இந்த மேடையை அமைத்த அறக்கட்டளையாருக்கும் ஒன்று: அடுத்த ஆண்டு இந்த மேடையில் பேச அவர்களில் ஒருவரை அழையுங்கள்.