மூன்று குறிகள், ஒரே சுரம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் செலோ கற்பிப்பவள். தாய்மார் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பிள்ளை நாலைந்து வருடமாக நன்றாக வாசித்தாள். இப்போது ஏன் ஒன்றும் தெரியாதவள் போல முழிக்கிறாள்?" அநேகமாக அந்தப் பிள்ளை டெனர் கிளெஃபுக்கு வந்திருப்பாள். செலோவைக் கைவிட எண்ணும் பிள்ளைகள் பலர் தடுமாறுவது இந்தப் படியில்தான். ஆகவே இன்று அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

ஐந்து கோடுகள், அவற்றின் நடுவே நான்கு இடைவெளிகள்: ஆக ஒன்பது இடங்கள். செலோவின் ஒலியோ மூன்று ஸ்தாயிக்கும் மேலாக விரிவது. எங்கள் கர்நாடக சங்கீதக் கொப்பியில் மந்திர ஸ்தாயிக்குக் கீழே புள்ளி, தார ஸ்தாயிக்கு மேலே புள்ளி வைத்துச் சமாளிக்கிறோம். மேலைத்தேய இசையில் கோடுகளின் தொடக்கத்தில் ஒரு குறியை இடுகிறார்கள். எந்தக் கோட்டில் எந்தச் சுரம் என்று சொல்வது அந்தக் குறி. அதுதான் கிளெஃப்.

பதினொராம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த அரெஸோ நகரத்துக் குய்தோ, எஃப் சுரத்தின் கோட்டைச் சிவப்பிலும் சி சுரத்தின் கோட்டை மஞ்சளிலும் வரையும் முறையைக் கையாண்டார். கோட்டின் தொடக்கத்தில் எழுத்தை எழுதும் வழக்கமும் இருந்தது. எஃப், சி, ஜி என்ற அந்த எழுத்துகளே எழுதுவோரின் கையில் வளைந்து நெளிந்து இன்றைய குறிகளாயின.

செலோவுக்கு மூன்று குறிகள் வேண்டும். பேஸ் கிளெஃப் நான்காம் கோட்டை எஃப் என்கிறது. டெனர் கிளெஃப் அதே நான்காம் கோட்டை நடு சி என்கிறது. டிரெபிள் கிளெஃப் இரண்டாம் கோட்டை ஜி என்கிறது. நடு சி பேஸில் ஐந்து கோடுகளுக்கு மேலே ஒரு சிறு கோட்டிலும், டிரெபிளில் கீழே ஒரு சிறு கோட்டிலும் நிற்கும். தாளில் மூன்று இடம். செலோவில் ஒலி ஒன்றே. முதல் நிலையில் ஏ தந்தியில் இரண்டாம் விரலை வையுங்கள், அதுதான் நடு சி.

டெனர் கிளெஃபுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. செலோவின் தந்திகள் சி, ஜி, டி, ஏ. ஒவ்வொன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ச–ப இடைவெளி. டெனர் கிளெஃபும் பேஸைவிட அதே அளவு உயர்ந்தது. ஆகவே பேஸ் என்று நினைத்துப் படித்துவிட்டு, அடுத்த மேல் தந்தியில் அதே விரலை வைத்தால் போதும். பேஸில் மூன்றாம் கோடு திறந்த டி தந்தி. டெனரில் அது திறந்த ஏ தந்தி. பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

ஆனால் அந்த வழி பாதியில் விட்டுவிடும். இரண்டாம் கோட்டைப் பாருங்கள். பேஸில் அது பி: ஜி தந்தியில் மூன்றாம் விரல். டெனரில் அது எஃப்: டி தந்தியில் இரண்டாம் விரல். விரல் மாறிவிட்டது! மேலும் ஏ தந்திக்கு மேலே அடுத்த தந்தி கிடையாது. விரலை மட்டும் நம்பிய பிள்ளை அங்கே நின்றுவிடுகிறாள். தனக்கு இசை வராது என்று முடிவு கட்டியும் விடுகிறாள்.

அதனால் நான் முதலில் பாடச் சொல்கிறேன். பக்கத்தைத் திறந்ததும் நடு சியைத் தேடு. அங்கிருந்து ஏறி இறங்கிச் சுரப்பெயர் சொல்லிப் பாடு. பிறகு வில்லை எடு. நான்கு அளவு கொண்ட ஒரு சிறு மெட்டை மூன்று குறிகளிலும் உன் கையாலேயே எழுது. நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். கர்நாடக சங்கீதமும் படித்த பிள்ளைகள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அங்கே ச பாடுபவரின் கட்டைக்கு ஏற்ப நகரும், இங்கே நடு சி எல்லோருக்கும் ஒரே சுருதி.

பிள்ளை படும் பாட்டைப் பார்த்து முழுப் பாடத்தையும் பேஸ் கிளெஃபில் மாற்றி எழுதிக் கொடுப்போர் உண்டு. அன்பினால் செய்வதுதான். அந்த வாரக் கச்சேரி நடந்துவிடும். அடுத்த புத்தகத்தில் மறுபடியும் டெனர் கிளெஃப் காத்திருக்கும். வாத்தியக் குழுவில் போய் அமர்ந்தால் யாரும் மாற்றி எழுதித் தரமாட்டார்கள். அங்கே பசூனும் டிராம்போனும் வாசிப்பவர்களும் இதே குறியைப் படிக்கிறார்கள். பீத்தோவன், துவோர்ஷாக் போன்றோரின் பழைய பதிப்புகளில் இன்னொரு வழக்கமும் உண்டு: பேஸை அடுத்து வரும் டிரெபிள் கிளெஃபைச் சில இடங்களில் ஒரு ஸ்தாயி கீழே வாசிக்க வேண்டும். குறிகளைக் காதாலும் படித்தவளுக்கே அது பிடிபடும்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒரு பிள்ளை இந்தப் படியில் நின்றால், "கஷ்டமென்றால் விட்டுவிடு" என்று சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து நடு சி எங்கே என்று கேளுங்கள். உங்கள் அலுமாரியில் உறங்கும் செலோப் புத்தகங்கள் இருந்தால் எங்கள் இசை அறைக்கு அனுப்பிவையுங்கள். மூன்று குறிகளும் உள்ள புத்தகங்களாக இருந்தால் இன்னும் நல்லது. இங்கே இருக்கும் தங்கைமாருக்கு அவை வேண்டும்.