காவலும் கையளிப்பும்



பிறர் உடைமையைக் காப்பது பெருஞ்செயல். காத்ததை உரியவர்க்குத் திருப்பிக் கொடுப்பது அதனினும் பெருஞ்செயல். இவ்வுண்மையை இவ்வூர் முன்னமே பட்டறிந்துள்ளது.

1688-ஆம் ஆண்டில், முகலாயப் படைக்கு அஞ்சி, அத்திகிரி அருளாளப் பெருமாளின் திருமேனியைக் கச்சியினின்று மறைவாக எடுத்துச் சென்று உடையார்பாளையத்தில் வைத்தனர். அச்சம் நீங்கிற்று, திருமேனி திரும்பவில்லை. காத்த பாளையக்காரர்க்குக் கொடுக்க உள்ளம் வரவில்லை. ஆத்தான் சீயர் வேண்ட, ஆற்காட்டுச் சாதத்துல்லாகானின் படைத்தலைவர் இலாலா தோடர்மால் தலையிட்ட பின்னரே, 1710-இல் அது கச்சிக்கு மீண்டது. கோயிற் கல்வெட்டு இதனைக் கூறுகின்றது. காவலுக்குக் கொடுத்ததை மீட்க 22 ஆண்டு ஆயிற்று!

அத்தகைய காவல் இந்நூற்றாண்டில் ஈராக்குக்கும் வாய்த்தது. 2003 மே 22-இல், ஐ.நா. பாதுகாப்பு அவை தன் 1483-ஆம் முடிவில், ஈராக்கின் கல்நெய் வருவாயை நாட்டின் மறுசீரமைப்புக்கென வளர்ச்சி வைப்பொன்றிற் சேர்க்கச் சொல்லிற்று. அதே நாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புசு நெருக்கடிநிலை சாற்றி, 13303-ஆம் ஆணையைப் பிறப்பித்தார். கடன்கொடுத்தோரும் வழக்காளரும் அப்பொருளைக் கைப்பற்றலாகாது என்பது அவ்வாணை.

ஆண்டுதோறும் நீட்டாவிடின் நெருக்கடிநிலை தானே முடியும் என்பது 1976-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம். ஆயினும் புசு, ஒபாமா, திரம்பு, பைடன் எனக் கட்சி வேறுபாடின்றி அதனை நீட்டினர். 2014-இல் ஒபாமா வளர்ச்சி வைப்புக்கும் கல்நெய்க்கும் இருந்த காப்பை நீக்கினார். நெருக்கடிநிலையோ 20 ஆண்டு கடந்தும் நீண்டது.

அக்காப்பினால் நன்மை இல்லையா? உண்டு. சதாம் உசேன் பட்ட கடனுக்காகப் போரில் நொந்த மக்களின் பொருள் பறிபோகாமல் நின்றது. ஆனால், பிறர் கையினின்று காத்தவர் தம் கையினின்று காத்தனரா? ஈராக்கு அமைச்சகங்கட்கு வழங்கிய ஏறத்தாழ 880 கோடி தாலர்க்குப் போதிய கணக்குக் கட்டுப்பாடு இல்லை என்று, 2005 சனவரியில் அமெரிக்காவின் சிறப்புத் தணிக்கையாளரே எழுதினார். 2020 சனவரியில், அயற்படை வெளியேற வேண்டுமென ஈராக்கு நாடாளுமன்றம் முடிவு செய்தது. உடனே, நியூயார்க்கு வைப்பகத்திலுள்ள ஈராக்கின் கணக்கு முடக்கப்படலாமென அமெரிக்கா எச்சரித்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. பொருள் ஈராக்கினுடையது, திறவுகோல் வேறொருவர் கையில்!

காஞ்சி நெசவாளர் பட்டையும் பொன்னிழையையும் நிறுத்து வாங்குகின்றனர். நெய்த சேலையையும் நிறுத்தே ஒப்படைக்கின்றனர். எளிய தறிக்குள்ள இம்முறை வல்லரசுக்கு வேண்டாவா? காவலுக்கு எல்லை வேண்டும், கணக்கு வேண்டும், கையளிக்கும் நாள் வேண்டும். இம்மூன்றும் கேட்காத நாடு, தன் பொருளுக்கே இரவலர் ஆகும்.