வயலினுக்குள் ஒட்டிய சீட்டு



தன் பெயர் நிலைக்க வேண்டும் எனப் படைப்பாளி விரும்புவது குற்றமா? இவ்வினாவுக்கு விடை தேடி, அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் வயலின் செய்து வாழ்ந்த ஜான் டெலானி என்னும் கைவினைஞரிடம் உங்களை அழைத்துச் செல்கிறேன்.

அக்காலத்து டப்ளினில் பெரும்புகழ் பெற்ற வயலின் கலைஞர், 1818-இல் மறைந்த தாமஸ் பெரி. அவர் தம் கருவிகளில் பெயரைச் சூட்டுமுத்திரையாகப் பொறித்தார். வரிசை எண்ணும் இட்டார். டெலானியோ தம் நெஞ்சையே எழுதி உள்ளே வைத்தார்.

வயலினின் மேற்பலகை ஸ்புரூஸ் மரம். முதுகுப்பலகை மேப்பிள் மரம். மேற்பலகையை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனத்திற்குச் செதுக்குவர். இரு பலகைகளுக்கும் இடையே நிற்கும் சிறு மரக்குச்சியைப் பிரெஞ்சுக்காரர் 'உயிர்' என்றே அழைப்பர். முதுகுப்பலகையின் உட்புறத்தில் செய்தவர் தம் பெயர்ச்சீட்டை ஒட்டுவது மரபு. ஒலித்துளை வழியே உற்று நோக்குவார்க்கே அது புலப்படும்.

1808ஆம் ஆண்டின் டெலானி சீட்டு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. வருங்காலத்தார் தம்மை நினைவுகூர வேண்டும் என்பதற்காகவே இக்கருவியைச் செய்ததாகச் சொல்கிறார். அடுத்து, கறுப்பர் வெள்ளையர் என்ற வேறுபாடின்றி உலகத்தார் யாவர்க்கும் விடுதலை வேண்டுகிறார்.

அந்த ஆண்டை எண்ணிப் பாருங்கள். பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை வாணிகத்தைத் தடை செய்தது 1807-இல். ஆயினும், குடியேற்ற நாடுகளில் அடிமைப்பட்டிருந்தோரை விடுவிக்கும் சட்டம் 1833-இல்தான் பிறந்தது. அயர்லாந்தும் 1801-இல் தன் பாராளுமன்றத்தை இழந்திருந்தது. அந்நாட்டில் பெரும்பான்மையினரான கத்தோலிக்கர் 1829 வரை பாராளுமன்றத்தில் அமர இயலாதிருந்தனர். உரிமை குன்றிய ஊரிலிருந்து ஒரு தச்சுக்கை, கடலுக்கு அப்பால் விலங்குபூண்டு கிடந்தவர்க்காகவும் எழுதியது.

பெயர் நிலைக்க விரும்புவது குற்றமன்று, நண்பர்களே. டெலானியும் அதை விரும்பினார்; மறைக்காமல் எழுதியும் வைத்தார். ஆனால் அந்தச் சிறிய தாளில் தம் பெயரோடு பிறர் விடுதலைக்கும் இடம் ஒதுக்கினார். பட்டங்களுக்கும் பொன்னாடைகளுக்கும் நடுவே நாம் மறந்துவிடுகிற இடம் அது.

இம்மலரிலும் நம் பெயர்கள் அச்சேறுகின்றன. ஒவ்வொரு பெயருக்கும் அடுத்த வரியில் யாருடைய துயர் இடம்பெறப் போகிறது? கவிஞர்களாகிய நீங்களே விடை எழுதுங்கள்.