டன் கணக்குக் கூலியும் மரம் அறுப்போர் உயிரும்

(தொழிற்சங்க ஊழியர்களுக்கான பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பணியிடப் பாதுகாப்பு என்றதும் தலைக்கவசம், கையுறை, காலணி என்று பேசி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. செயின்சா எனப்படும் மரம் அறுக்கும் இயந்திரத்தை இயக்கும் தொழிலாளிக்கு இவை தேவைதான். ஆனால் அவரைக் கொல்வது பெரும்பாலும் கவசத்தின் குறைபாடு அல்ல. கூலி கணக்கிடப்படும் முறை.

ஆந்திரம், ஒடிசா, தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் காகித ஆலைகளுக்காகச் சவுக்கும் தைல மரமும் பெருமளவில் பயிரிடப்படுகின்றன. விவசாயி மரத்தை நின்ற நிலையிலேயே வியாபாரியிடம் விற்கிறார். வியாபாரி மேஸ்திரியிடம் சொல்கிறார். மேஸ்திரி ஐந்தாறு பேர் கொண்ட குழுவைக் கொண்டுவந்து இறக்குகிறார். கூலி டன்னுக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. பல இடங்களில் இயந்திரம் தொழிலாளியின் சொந்தப் பொருள், அல்லது வாடகைக்கு எடுத்தது. பெட்ரோலும் சங்கிலியும் அவர் செலவு. ஆலையின் கணக்கேட்டில் மரத்தின் எடை இருக்கும். அதை அறுத்தவரின் பெயர் இருக்காது.

இந்த ஏற்பாட்டில் பாதுகாப்பு விதி ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவர் தொழிலாளி. மழுங்கிய சங்கிலியைத் தீட்ட இயந்திரத்தை நிறுத்த வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி இல்லை. அறுபடும் மரத்தின் உயரத்தைப் போல் இருமடங்கு தொலைவுக்குள் வேறு எவரும் நிற்கக் கூடாது என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட விதி. ஆனால் கிளை கழிப்பவர் அருகில் இருந்தால்தான் வேலை விரைவாக நகரும். அறுத்த மரம் பக்கத்து மரத்தில் சாய்ந்து மாட்டிக்கொண்டால், கயிறோ இழுவைக் கருவியோ கொண்டு பக்கவாட்டில் இழுக்க வேண்டும். அதற்குள் அரை மணி நேரம் போய்விடும். ஆகவே அதன் அடியில் போய் நின்று, தாங்கி நிற்கும் மரத்தையும் அறுக்கிறார்கள். இது அறியாமை அல்ல. அந்த அரை மணி நேரத்தின் மதிப்பு அவருக்குத் துல்லியமாகத் தெரியும். மூலதனம் நூலின் முதல் தொகுதியில் துண்டுக்கூலிக்கு மார்க்ஸ் தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். மேற்பார்வையாளர் விரட்ட வேண்டிய தேவையே இல்லாமல் தொழிலாளி தன்னைத் தானே விரட்டிக்கொள்ளும் நிலையை அங்கே காணலாம்.

இதற்கு மாற்று உண்டா என்ற கேள்விக்கு ஸ்வீடன் வனத் தொழிலாளர்கள் விடை தந்தார்கள். 1975ஆம் ஆண்டு அவர்கள் துண்டுக்கூலியை ஒழித்து மாத ஊதியம் வழங்கக் கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சங்கத் தலைமையின் ஒப்புதல் இல்லாமலேயே அந்தப் போராட்டம் பரவியது என்பதும் குறிப்பிடத்தக்கது. அதன் பின்னர் வனத் தொழிலில் நேர அடிப்படையிலான ஊதியம் பரவலானது. விபத்துகள் குறைந்தன, கடுமையான காயங்களும் குறைந்தன. அதே காடு, அதே ரம்பம், அதே மனிதர்கள். மாறியது கூலி முறை.

ஸ்வீடனை ஒரு சொர்க்கமாகக் கருத வேண்டியதில்லை. அடுத்த கட்டத்தில் அங்கே பெரிய அறுவடை இயந்திரங்கள் வந்தன. மரம் விழுந்து சாகும் ஆபத்து பெரிதும் நீங்கியது. ஆனால் கூண்டுக்குள் அமர்ந்து இரு கட்டுப்பாட்டுக் கோல்களை நாள் முழுவதும் சிறிது சிறிதாக அசைத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கழுத்தும் தோளும் பழுதாயின. விலை உயர்ந்த இயந்திரம் ஒரு நிமிடமும் சும்மா நிற்கக் கூடாது என்று முதலீட்டாளர் நினைப்பதே காரணம். பணி சுழற்சியும் ஓய்வு இடைவேளையும் அங்கே புதிய கோரிக்கைகளாயின.

விபத்தைவிட மெதுவாக வரும் கேட்டுக்கு ஜப்பான் ஓர் எடுத்துக்காட்டு. 1954 செப்டம்பரில் வீசிய சூறாவளி ஹொக்கைடோ காடுகளைச் சாய்த்த பின், செயின்சாவின் பயன்பாடு அரசு வனங்களில் வேகமாகப் பெருகியது. சில ஆண்டுகளில் தொழிலாளர்களின் விரல்கள் குளிர்ந்த காலைகளில் மெழுகுபோல் வெளுத்து உணர்விழந்தன. இயந்திரத்தின் அதிர்வு விரல்களின் ரத்த நாளங்களையும் நரம்புகளையும் சிதைத்திருந்தது. அங்கே அதற்கு ‘வெள்ளை மெழுகு நோய்’ என்றே பெயர் வந்தது. அரசு வனத் தொழிலாளர்களின் சங்கமான ஜென்ரின்யா இதைத் தொழில்சார் நோயாக ஏற்க வைக்கப் போராடியது. ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் செயின்சாவை இயக்கக் கூடாது என்ற வரம்பு, 1970இல் அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தின் வழிகாட்டுதலிலும் இடம்பெற்றது. இரண்டு மணி நேரம்! இங்கே விடியலில் தொடங்கி வெயில் சாயும் வரை ஒரே கை அதைப் பிடித்திருக்கிறது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது? 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் தன் இரண்டாம் அட்டவணையிலேயே மரம் வெட்டுவோரைச் சேர்த்திருந்தது. அதாவது செத்தபின் பணம் கேட்க வழியுண்டு. சாவைத் தடுக்கும் சட்டமோ அவரைக் கண்டுகொள்ளவில்லை. காடு தொழிற்சாலை அல்ல என்பதால் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அங்கே எட்டவில்லை. அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை 29 நோய்களைப் பட்டியலிட்டது. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை அதில் உண்டு, அதிர்வால் வரும் கை நோய் இல்லை. பட்டியலில் இல்லாத நோயை மருத்துவர் நரம்புத் தளர்ச்சி என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

2020இல் நிறைவேற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளதாக ஒன்றிய அரசு அறிவித்துள்ள பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நிலைமையை மேலும் மோசமாக்கியிருக்கிறது. பத்துப் பேர் பணிபுரியும் நிறுவனத்துக்கே அது பொருந்தும். ஒப்பந்தத் தொழிலாளர் தொடர்பான பிரிவுகளுக்கான வரம்பு இருபதிலிருந்து ஐம்பதாக உயர்த்தப்பட்டுவிட்டது. ஐந்தாறு பேர் கொண்ட மரம் வெட்டும் குழு எதிலும் சிக்காது. ஆனால் அதே தொகுப்பில் ஒரு வாசல் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான பணி என்று ஒன்றிய அரசு அறிவிக்கை செய்யும் இடங்களுக்குப் பத்துப் பேர் என்ற வரம்பு பொருந்தாது. தொகுப்பை எதிர்க்கும் போராட்டம் தொடரும்போதே, இயந்திரத்தால் மரம் அறுக்கும் பணியை அந்த அறிவிக்கையில் சேர்க்கக் கோருவதில் முரண்பாடு ஏதும் இல்லை.

களத்தில் எழும் எதிர்ப்பு ஒன்றையும் நேர்மையாகச் சந்திக்க வேண்டும். டன் கணக்குக் கூலியைத் தொழிலாளர்களே விரும்புகிறார்கள். மழைக்காலத்தில் வேலை கிடையாது. கிடைக்கும் மாதங்களில் ஓடி ஓடி உழைத்தால்தான் ஆண்டு முழுவதும் அடுப்பு எரியும். முன்பணக் கடனும் கழுத்தில் தொங்குகிறது. இவர்களிடம் போய் துண்டுக்கூலி தீமை என்று வகுப்பெடுத்தால் முதல் கூட்டத்தோடு சங்கம் முடிந்துவிடும். குறைந்தபட்ச நாள் கூலி உறுதி, அதற்கு மேல் எடைக்கு ஏற்ற தொகை, இயந்திரத்துக்குத் தனி வாடகை, சங்கிலி தீட்டும் நேரமும் வேலை நேரமே என்ற ஒப்புதல் ஆகியவற்றிலிருந்து தொடங்குவதே நடைமுறை. ஐரோப்பியக் குளிருக்காகத் தைத்த தடித்த பாதுகாப்புக் கால்சட்டையை இந்த வெயிலில் அணியச் சொல்லிவிட்டு, அணியவில்லை என்று தொழிலாளியைக் குற்றம்சாட்டுவதும் நிற்க வேண்டும். வெப்பத்துக்கு ஏற்ற கவசத்தை உருவாக்கித் தருவது வேலை கொடுப்பவரின் கடமை.

கோரிக்கையை முதலில் வைக்க வேண்டிய இடம் மாநில வன வளர்ச்சிக் கழகங்களும் பொதுத்துறைக் காகித ஆலைகளும்தான். ஒப்பந்தக்காரரின் பின்னால் அவை ஒளிந்துகொள்ள விடக் கூடாது. அதற்கு ஆதாரம் வேண்டும். வரும் மார்கழிக் குளிரில், அதிகாலையில், தைலமரத் தோப்புகளுக்குச் சங்க ஊழியர்கள் செல்லட்டும். செயின்சா பிடிப்பவர்களின் விரல்களைப் பார்க்கட்டும். எத்தனை ஆண்டுகளாக இயக்குகிறார், நாளைக்கு எத்தனை மணி நேரம், எந்த விரல் வெளுக்கிறது, யாருக்காக அறுக்கிறார் என்ற நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வாங்கட்டும்.